மைக்கிடம் ரகசியம் பேசியவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்கப் பழைய பாட்டுகளையும், அவற்றைப் பாடிய ஃப்ராங்க் சினாட்ரா போன்றவர்களையும் பற்றிச் சில மாதங்களாக வாசகர்களிடமிருந்து கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இங்கே சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: 'குரூனர்' என்றால் நம் பி.பி.ஸ்ரீநிவாஸ் மாதிரி மென்மையாகப் பாடுகிறவரா? 'ஸ்டாண்டர்ட்' என்கிறார்களே, அது ஒரு பாட்டு வகையா?

பதில்: குரூனர் விஷயத்தில் நீங்கள் சொன்னது ஏறக்குறைய சரி. தொண்டையைத் திறந்து மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பாடாமல், மைக்குக்குப் பக்கத்தில் வந்து ஒரே ஒருவர் காதில் சொல்வதுபோலப் பாடுகிறவர்தான் குரூனர். பாடகர்களுக்குத் திடீரென்று மென்மை பிறந்துவிடவில்லை, கருவி மாறியது. 1925-க்கு முன் ஒலிப்பதிவு என்றால் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். குரலின் விசையே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீற வேண்டும். மெல்லப் பாடினால் கோடு விழாது. 1925-ல் மின் ஒலிப்பதிவு வந்ததும், முணுமுணுப்பைக்கூட மைக் பிடித்துப் பெருக்கித் தந்தது. பாடகர் பிங் க்ராஸ்பி அந்த வசதியை முழுசாகப் புரிந்துகொண்டவர்களில் முக்கியமானவர். அன்று எல்லோரும் இதை ரசிக்கவில்லை. பாஸ்டன் கர்தினால் ஓ'கானல் 1932-ல் இந்தப் பாணியையே பகிரங்கமாகக் கண்டித்தார். 'குரூனர்' என்ற பெயரே முதலில் கேலியாகத்தான் புழங்கியது.

ஸ்டாண்டர்ட் என்பது வகை அல்ல, ஒரு பாட்டு அடைகிற அந்தஸ்து. பெரும்பாலும் 1920-களிலிருந்து 50-கள் வரை பிராட்வே மேடைக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. ஜெரோம் கெர்ன், இர்விங் பெர்லின், ஜார்ஜ் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் போன்றவர்களின் பாட்டுகள் மேடையை விட்டு இறங்கி எல்லோருடைய சொத்தாகிவிட்டன. நம் சினிமாப் பாட்டுக்கு ஒரு 'ஒரிஜினல்' பாடகர் உண்டு. மற்றவர் பாடினால் 'அவர் மாதிரி வரவில்லை' என்போம். ஸ்டாண்டர்டுக்கு அந்த வழக்கம் இல்லை. கீர்த்தனையோடு ஒப்பிடுங்கள், சரியாக இருக்கும். கீர்த்தனை ஒன்று, அதைப் பாடுகிற கச்சேரிகள் ஆயிரம். அதனால் இந்த இசையில் 'எந்தப் பாட்டு' என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். யார், எந்த வருடம், யாருடைய இசைக்கோப்பில் (வாத்திய அமைப்பில்) என்பது மீதிப் பாதி.

கேள்வி: சினாட்ராவின் 'சிறந்த பாடல்கள்' தொகுப்பு ஒன்றைக் கேட்டேன். மனசில் ஒட்டவில்லை. வேறு எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: தொகுப்பில் ஆரம்பித்ததுதான் வினை. 1940-களின் இளங்குரல், 1969-ல் வந்த 'மை வே', 1980-ல் வந்த 'நியூயார்க், நியூயார்க்' எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுக் கொடுப்பார்கள். நாற்பது வருட வித்தியாசமுள்ள மூன்று தொண்டைகளை அடுத்தடுத்துக் கேட்டால் எதுவும் பதியாது. 'மை வே' ஒரு பிரெஞ்சு மெட்டுக்கு பால் அன்கா எழுதிய வரிகள். இங்கே நாம் பேசுகிற பழைய ஸ்டாண்டர்டுகளின் கூட்டத்திலேயே அது வராது.

சினாட்ரா 1953-ல் கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். 1950-ல் குரல்நாணில் ரத்தக்கசிவு ஏற்பட்டுக் குரல் போய்த் திரும்பி வந்திருந்தது. பழைய பளபளப்பு குறைந்து கனம் கூடியிருந்தது. நல்ல காலமாக அதே சமயத்தில் நெல்சன் ரிடில் என்ற இசைக்கோப்பாளரும் சேர்ந்தார். 1955-லிருந்து 58 வரை வந்தவற்றில் மூன்று எல்.பி.க்கள் (நீள இசைத்தட்டுகள்) போதும்.

முதலாவது 1955-ன் 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்'. 16 பாட்டு, எல்லாமே தூக்கம் வராத இரவைப் பற்றியவை. ஒரே உட்காருதலில் முழுவதும் கேட்காதீர்கள். நான்கு நான்காகக் கேளுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது பாட்டுக்குள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றிவிடும். இரண்டாவது 1956-ன் 'சாங்ஸ் ஃபார் ஸ்விங்கிங் லவர்ஸ்'. அதே ரிடில், ஆனால் கால் தானாகத் தாளம் போடும். மூன்றாவது 1958-ன் 'ஒன்லி தி லோன்லி'. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, இருண்ட மனநிலை. இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சினாட்ராவுக்கு இந்த எல்.பி.க்காக கிராமி கிடைத்தது உண்மை. ஆனால் பாட்டுக்கு அல்ல, அட்டைப்பட வடிவமைப்புக்கு!

கேள்வி: 'ஸ்டார்டஸ்ட்' பாட்டை நாட் கிங் கோல் பாடியதும் சினாட்ரா பாடியதும் என்னிடம் இருக்கின்றன. கோல் பாடியதில் வருகிற முக்கியமான மெட்டே சினாட்ரா பாட்டில் இல்லை. பதிவு பாதியில் அறுந்துவிட்டதா?

பதில்: அறுந்துவிடவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறார். அந்தக் காலப் பாட்டுகளுக்கு இரண்டு பாகம் உண்டு. முதலில் வருவது 'வெர்ஸ்'. நம் தொகையறாவை நினைத்துக்கொள்ளுங்கள். தாளத்தை இறுக்கிப் பிடிக்காமல், பேச்சும் பாட்டுமாக, 'ஏன் இந்தப் பாட்டு' என்று சொல்கிற முன்பகுதி. அதற்குப் பிறகு வருவது 'கோரஸ்'. குழுவாகப் பாடுவது என்ற அர்த்தம் இதில் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டுதான் கோரஸ். மேடை நாடகத்தில், வசனத்திலிருந்து பாட்டுக்குப் போக வெர்ஸ் ஒரு படிக்கட்டாக இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குல இசைத்தட்டில் மூன்று நிமிடம்தான் இடம். முதலில் வெட்டுப்பட்டது வெர்ஸ். பிறகு வெட்டுவதே வழக்கமாகி, பல பாட்டுகளுக்கு அப்படி ஒரு பகுதி இருப்பதே மறந்துபோனது.

'ஸ்டார்டஸ்ட்' மெட்டை ஹோகி கார்மைக்கேல் 1927-ல் வாத்திய இசையாகத்தான் பதிவு செய்தார். மிட்செல் பாரிஷின் வரிகள் 1929-ல் சேர்ந்தன. கோல் 1957-ல் வெளியிட்ட 'லவ் இஸ் தி திங்' எல்.பி.யில் கார்டன் ஜென்கின்ஸின் வயலின் பின்னணியில் வெர்ஸையும் கோரஸையும் முழுதாகப் பாடினார். சினாட்ரா 1961-ல் டான் காஸ்டாவின் இசைக்கோப்பில் வெர்ஸை மட்டும் பாடி நிறுத்திவிட்டார். கோரஸ் வரப்போகிறது என்று காது காத்துக்கொண்டே இருக்கும், வராது. போய்விட்ட காதலைப் பற்றிய பாட்டில், பாட்டே வராமல் போவது ஒரு யோசனைதான். குறும்பு என்பவர்களும் உண்டு. நம் கட்சி: கோல் பாடியதை முதலில் நாலு தடவை கேட்டு மனப்பாடம் ஆன பிறகுதான் சினாட்ரா பதிவு வேலை செய்யும். மெட்டு தெரியாதவருக்கு அது வெறும் முன்னுரை. முழுப் பாட்டையும் சினாட்ரா குரலில் கேட்டே ஆக வேண்டுமென்றால், டாமி டார்ஸி இசைக்குழுவோடு 1940-ல் பதிவானது இருக்கிறது. அதில் அவர் தனியாக இல்லை, பைட் பைப்பர்ஸ் குழுவும் கூடப் பாடும்.

வெர்ஸ்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வழி: எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956-ல் தொடங்கிப் பதிவு செய்த 'சாங் புக்' வரிசை. அவர் குரூனர் அல்ல, ஆனால் மற்றவர்கள் விட்ட வெர்ஸ்கள் பலவற்றைப் பாடியிருக்கிறார்.

கேள்வி: '32 பார்' என்று படிக்கிறேன். இசை எழுதப் படிக்கத் தெரியாதவன் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விரல் போதும். 'ப்ளூ மூன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அடி ஒரு பார். ஆதி தாளம் போடத் தெரிந்தால், ஒரு ஆவர்த்தனத்துக்கு இரண்டு பார் என்று கணக்கு. முன்னிசையையும் வெர்ஸையும் விட்டுவிட்டு, தலைப்பு வார்த்தை வரும் இடத்திலிருந்து எண்ணுங்கள். எட்டு பாரில் ஒரு மெட்டு முடியும். அடுத்த எட்டு அதே மெட்டு, வேறு வரிகள். மூன்றாவது எட்டில் மெட்டு வேறு பக்கம் போகும், இதை 'பிரிட்ஜ்' என்பார்கள். நான்காவது எட்டில் முதல் மெட்டு வீடு திரும்பும். 32 பார், 128 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் பாடினால் ஒரு கோரஸ் 64 நொடியில் முடிந்துவிடும். அதனால்தான் மூன்று நிமிடத் தட்டில் ஒருமுறை பாடி, வாத்தியக்காரர்களுக்குக் கொஞ்சம் விட்டு, மறுபடி பாட இடம் கிடைத்தது.

எண்ணும்போது இரண்டு இடத்தில் தவறும். ஒன்று, பாடகர் தாளத்துக்கு முன்பின்னாகப் பாடுவார், அவர் குரலைப் பிடித்து எண்ணினால் வழி தப்பும். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது ஏமாற்றாது. இரண்டு, எல்லாப் பாட்டும் 32 அல்ல. கோல் போர்ட்டரின் 'நைட் அண்ட் டே' 48 பார், 'ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' 56. கணக்கு உதைத்தால் உங்கள் விரலைச் சந்தேகிக்காதீர்கள்.

எண்ணுவதில் என்ன லாபம் என்றால், பிரிட்ஜ் எங்கே முடிகிறது என்று தெரியும். பிரிட்ஜின் கடைசிச் சொல்லுக்கும் திரும்பி வரும் மெட்டின் முதல் சொல்லுக்கும் நடுவே சாதாரணப் பாடகர் மூச்சு எடுப்பார். சினாட்ரா அந்த இடத்தைத்தான் பல பாட்டில் ஒரே மூச்சில் கடப்பார். அங்கே காதை வைத்துக் காத்திருங்கள்.

கேள்வி: மிருதங்கம் பயில்கிறவன். சினாட்ராவைக் கேட்டால் தாளத்தில் பின்தங்குகிறார் என்றே படுகிறது. இதைப் போய் 'டைமிங்' என்று புகழ்கிறார்களே, ஐயா?

பதில்: உங்களுக்குத் தெரிந்த சொல்லிலேயே சொல்கிறோம்: அனாகத எடுப்பு. பின்தங்குகிறவருக்கும், தாளம் தட்டிய பிறகு எடுக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்தங்குகிறவர் அடுத்த ஆவர்த்தனத்தில் இன்னும் பின்னால் இருப்பார். எடுப்பு தெரிந்தவர் சரியான இடத்தில் வந்து சேர்வார். வரியின் முதல் சொல்லைச் சற்றுத் தாமதமாக இறக்கி, நடுச் சொற்களை நெருக்கி, கடைசிச் சொல்லில் தாளத்தோடு கை கோப்பது சினாட்ராவின் வழக்கம். சில இடத்தில் அதீதமும் உண்டு, தட்டுக்கு முன்பே சொல் விழும். அந்த இடங்களில் வரி பொறுமை இழந்து பேசுவதுபோல இருக்கும்.

சோதித்துப் பாருங்கள். 'நைட் அண்ட் டே' பாட்டை அவர் பல முறை பதிவு செய்திருக்கிறார். மூன்றை வரிசையாகக் கேளுங்கள்.

1942 ஜனவரியில் ப்ளூபேர்ட் தட்டுக்காக ஆக்ஸல் ஸ்டார்டால் இசைக்கோப்பில் பாடியது அவருடைய முதல் தனிப் பதிவு அமர்வைச் சேர்ந்தது. வயது 26. ஒவ்வொரு சொல்லையும் எழுதிய சுரத்திலேயே வைக்கிறார், நீளக் கார்வைகள். அழகுதான், கொஞ்சம் பயபக்தி.

1956-ல் ரிடிலோடு பதிவு செய்தது அடுத்த வருடம் 'எ ஸ்விங்கிங் அஃபேர்' எல்.பி.யில் வந்தது. பிராஸ் வாத்தியங்கள் (பித்தளை ஊதுகருவிகள்) குத்துகின்றன. இங்கேதான் நீங்கள் சொன்ன 'பின்தங்கல்'. வலது கையால் அடியைத் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியின் முதல் அசை தட்டுக்கு முன்னா பின்னா என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். இரண்டாவது தடவை கடைசி அசையை மட்டும். இரண்டு பட்டியலையும் பார்த்தால் நாங்கள் விளக்க வேண்டியிருக்காது.

1961-ல் காஸ்டாவோடு பாடியதில் வெர்ஸும் உண்டு. பெரும்பாலும் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே போகிற அந்த வெர்ஸ், சாதாரணமாக அலுப்புத் தட்டும். அவர் அதைத் தாளத்திலிருந்து அவிழ்த்துப் பேச்சாக்கியிருக்கிறார். மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் இந்தக் கடைசிப் பதிவுக்கே எங்கள் ஓட்டு. ஆனால் 1956-ஐக் கேட்டிராவிட்டால் இதன் நிதானம் புரியாது.

கேள்வி: 'ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' பதிவில் நடுவில் வருகிற டிராம்போன் (ஒரு பித்தளை ஊதுகருவி) வாசிப்பை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? எனக்கு அது ஒரே இரைச்சல்.

பதில்: இரைச்சல்தான். எதிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது என்பதில்தான் சங்கதி.

பாட்டு கோல் போர்ட்டர் 1936-ல் படத்துக்கு எழுதியது. சினாட்ரா பதிவு செய்த தேதி 1956 ஜனவரி 12. ஆரம்பத்தைக் கவனியுங்கள். அடிமட்டத்தில் ஊதுகருவி ஒன்று சின்னச் சுழல் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், மேலே சினாட்ரா கிட்டத்தட்டப் பேச்சுக் குரலில் வருவார். வேகம் நடக்கிற வேகம். ரிடில் இதயத்துடிப்பு வேகத்தை விரும்பியவர். வயலின்கள் பின்னால் நீளமாக இழைந்துகொண்டிருக்கும். முதல் கோரஸ் முழுக்க அவர் குரலை உயர்த்துவதே இல்லை. அடக்கி வைக்கிறார், அடக்கி வைப்பது உங்களுக்குத் தெரியும்படி அடக்கி வைக்கிறார்.

பாடி முடித்ததும் வாத்தியங்கள் தனியாகத் தொடரும். டிராம்போன்கள் தணிந்த குரலில் ஒரு சிறு தாளக்கட்டைத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாத்தியம் மேலே ஏறும், சத்தம் கூடும். ஸ்டான் கென்டன் இசைக்குழுவின் ஒரு பதிவிலிருந்து பிடித்த உத்தி இது. அணை உடைகிற இடத்தில் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் தனி டிராம்போன் பாய்கிறது. சினாட்ரா தானாகக் கத்தாததை அந்த வாத்தியம் அவருக்காகக் கத்துகிறது. பிறகு அவர் திரும்பி வரும்போது குரலைக் கவனியுங்கள். முதல் தடவை பேச்சாக இருந்த அதே வரிகள் இப்போது சவாலாக மாறியிருக்கும். கடைசியில் மறுபடி எல்லாம் தணிந்து, ஆரம்பித்த அந்தச் சிறு சுழலுக்கே வந்து நின்றுவிடும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். குரல் தனியாக, வாத்தியம் தனியாகப் பதிவு செய்து ஒட்டிய காலமல்ல அது. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். யாராவது ஒருவர் பிசகினால் முதலிலிருந்து. அன்று இருபதுக்கும் மேல் டேக் போனதாகச் சொல்வார்கள். டிராம்போன் வாசிப்பவரின் உதடு அத்தனை தடவையும் தாங்க வேண்டும். பிராஸ் மைக் உயரத்தில் இருந்ததால் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று வாசித்ததாக பெர்ன்ஹார்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

கேட்கும் முறை: வால்யூமை முதல் வரி பேச்சுக் குரலாகக் கேட்கிற அளவில் வைத்து, பிறகு தொடாதீர்கள். பலர் ஆரம்பத்தில் கேட்கவில்லை என்று கூட்டிவைத்து, நடுவில் காது வலிக்கிறது என்று குறைக்கிறார்கள். அந்த ஏற்றத்தை ரிடில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்.

கேள்வி: பழைய கேப்பிட்டல் எல்.பி. ஒன்று கிடைத்தது. ஒரு ஸ்பீக்கரில் குரல் கணீரென்றும் மற்றதில் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்கிறது. தட்டில் பழுதா?

பதில்: அட்டையில் 'டுயோஃபோனிக்' என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். 1960-களில் எல்லோரும் ஸ்டீரியோ கேட்க ஆரம்பித்ததும், ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய மோனோ பாட்டுகளைப் போலி ஸ்டீரியோவாக மாற்றி விற்றார்கள். ஒரு பக்கம் மேல்ஸ்தாயி ஒலிகள், மறுபக்கம் கீழ்ஸ்தாயி ஒலிகள், இரண்டுக்கும் நடுவே நூலிழை நேர வித்தியாசம். அதனால் குரல் நடுவில் நிற்காமல் அலையும்.

ஆம்ப்ளிஃபயரில் உள்ள மோனோ பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். முழுசாகச் சரியாகாது. நேர வித்தியாசம் உள்ள இரண்டு ஒலிகளைச் சேர்த்தால் சில சுரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் பொள்ளலாக, குழாய்க்குள் கேட்பதுபோல ஆகிவிடும். ஒரே வழி உண்மையான மோனோ அச்சைத் தேடுவது. கேப்பிட்டல் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தே காட்டிக்கொடுக்கும். 'ஸ்விங்கிங் லவர்ஸ்' எண் 653. முன்னால் 'டபிள்யூ' மட்டும் இருந்தால் மோனோ, 'டிடபிள்யூ' என்றால் டுயோஃபோனிக். 'எஸ்டபிள்யூ' என்பது ஸ்டீரியோ. 1957-க்கு முன் பதிவான சினாட்ரா எல்.பி.யில் 'ஸ்டீரியோ' என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அவருடைய முதல் ஸ்டீரியோ எல்.பி. அந்த வருடத்து 'வேர் ஆர் யூ?'.

'ஒன்லி தி லோன்லி' இரண்டு விதத்திலும் முறையாகப் பதிவானது. ஆர்க்கெஸ்ட்ராவின் அகலம் வேண்டுமானால் ஸ்டீரியோ, குரல் நெருக்கம் வேண்டுமானால் மோனோ. மோனோ கேட்கும்போது ஒரே ஸ்பீக்கரை நேர் எதிரே வைத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டில் கேட்பதைவிட அவர் அறைக்குள் நிற்பதுபோல இருக்கும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த க்ராஸ்பி 78 தட்டுகளை எல்.பி. பிளேயரில் போட்டால் ஒரே சரசரப்பு. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! அந்தத் தட்டு அரக்குக் கலவை. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும், பாட்டே அழிந்துவிடும். வாலை வடிநீரில் மென்மையான சோப்புத் திரவம் சில சொட்டு, மெல்லிய பிரஷ், பள்ளத்தின் வட்டத்தோடு துடைப்பு. நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் வடிநீரில் ஒருமுறை அலசி, நிழலில் நிமிர்த்தி உலர்த்துங்கள். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் ஓடுபோல உடையும், ஈரக் கையால் தூக்க வேண்டாம்.

சரசரப்புக்குப் பெரிய காரணம் ஊசி. ஸ்டீரியோ எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 0.018 மில்லிமீட்டர், மோனோ எல்.பி.க்கு 0.025. 78-க்கு வேண்டியது 0.075. சின்ன ஊசி அகலமான பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, பல வருட அழுக்கைத்தான் பாடும். 78 ஊசி தனியாகக் கிடைக்கிறது, உங்கள் பிளேயரில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மாதிரிக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். அதன் பிறகும் ஒலி மந்தமாக இருந்தால் ட்ரெபிளை (மேல்ஸ்தாயி ஒலியை) கொஞ்சம் கூட்டுங்கள். இன்றைய ஃபோனோ பெட்டிகள் 1950-களின் நடுவில் நிலைபெற்ற எல்.பி. அளவுகோலின்படி மேல்ஸ்தாயியைக் குறைக்கின்றன, பழைய தட்டுகள் அந்தக் கணக்கில் வெட்டப்படவில்லை. பிளேயரில் 78 வேகம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: செயலியில் நாட் கிங் கோலின் 'அன்ஃபர்கெட்டபிள்' தேடினால் ஏகப்பட்டது வருகிறது. வருடம் 2010, 2015 என்று போட்டிருக்கிறது. எது அசல்?

பதில்: செயலி காட்டுவது தொகுப்பு வெளியான வருடம், பாடிய வருடம் அல்ல. அசல் பதிவு 1951-ல், ரிடில் இசைக்கோப்பில், மோனோ. கோல் 1961-ல் தன் பழைய வெற்றிப் பாட்டுகளை ஸ்டீரியோவில் மறுபடி பாடிப் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். பல மலிவுத் தொகுப்புகளில் இரண்டும் கலந்து கிடக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் உடனே தெரியும்: வயலின்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் 1961. எல்லாம் நடுவில் திரண்டு வந்தால் 1951, அல்லது யாரோ மோனோவாக மடக்கியது. சினாட்ராவும் 1963-ல் தன் சொந்த நிறுவனமான ரிப்ரீஸுக்காகக் கேப்பிட்டல் பாட்டுகள் சிலவற்றை மீண்டும் பதிவு செய்தார். 'அண்டர் மை ஸ்கின்' தேடும்போது அதுவும் வரும்.

தொகுப்புகள் இப்படிப் பெருகக் காரணம் சட்டம். ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான பதிவுகளுக்கு உரிமைக்காலம் 50 வருடத்தோடு முடிந்துவிட்டது. பிறகு 70 ஆக நீட்டியபோதும் முடிந்தவை திரும்பவில்லை. யார் வேண்டுமானாலும் எந்தத் தட்டிலிருந்தும் எடுத்து வெளியிடலாம். அவர்களில் சிலர் இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். பாட்டு முடிந்து கடைசி வயலின் ஒலி தேய்கிற இரண்டு நொடியைக் கேளுங்கள். ஒலி இயல்பாக மங்காமல் கதவு சாத்தியதுபோல நின்றாலோ, தண்ணீருக்குள் கேட்பதுபோல நெளிந்தாலோ அந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள். அசல் நிறுவனத்தின் பெயரும் எல்.பி.யின் அசல் தலைப்பும் அட்டையும் உள்ளதே பாதுகாப்பு.

கேள்வி: வீட்டில் மைக், ஸ்பீக்கர் வைத்து இந்தப் பாட்டுகளைப் பாடிப் பார்க்கிறேன். குரல் கம்மென்று அடைத்துக் கேட்கிறது. 'ப' வரும் இடமெல்லாம் 'புஃப்'.

பதில்: மைக்கை உதட்டில் ஒட்டிப் பாடுகிறீர்கள். மேடை மைக்குகளில் பெரும்பாலானவை ஒரு பக்கத்து ஒலியை மட்டும் பிடிப்பவை. ஐந்து சென்டிமீட்டருக்குள் நெருங்கினால் கீழ்ஸ்தாயி ஊதிப் பெருகும். அந்தக் கதகதப்பு குரூனர்களுக்கு மூலதனம், ஆனால் அளவு மீறினால் சொல் தெரியாது. 10 முதல் 15 சென்டிமீட்டரில் தொடங்குங்கள். குரல் ஏறும் இடத்தில் 25 வரை பின்னுக்குப் போங்கள், தணியும்போது திரும்பி வாருங்கள். வாய்க்கு நேராக வைக்காமல், மூக்கின் ஓரத்திலிருந்து வாயைப் பார்ப்பதுபோலச் சாய்த்து வையுங்கள். காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும்.

'புஃப்' வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் 'ப'வில் காற்று தள்ளாது. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் அதே ஒலியில் காற்று வெடிக்கும். வாய்க்கு முன் ஒரு மெல்லிய காகிதக் கீற்றைப் பிடித்து 'பப்பாளி' என்று சொல்லுங்கள், பிறகு ஆங்கில உச்சரிப்பில் 'பேப்பர்' என்று சொல்லுங்கள். காகிதம் ஆடுகிற வித்தியாசம் தெரியும். அந்த ஓர் அசையில் மட்டும் தலையை லேசாகத் திருப்பினால் போதும். சினாட்ரா இதற்காகத்தான் மைக்கைக் கையாளுவதைத் தனிக் கலையாகவே பயின்றார்.

தமிழ் நாக்குக்கு இன்னொரு கண்ணி, சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்வது. 'நைட்' என்று நிற்க வேண்டியது 'நைட்டு' ஆனால் ஓர் அசை கூடி, அடுத்த சொல் தாளத்தில் இடம் மாறிவிடும். பாடுவதற்கு முன் வரிகளைத் தாளமில்லாமல், தொலைபேசியில் ஒருவரிடம் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். எங்கே மூச்சு எடுத்தால் அர்த்தம் உடையவில்லையோ அங்கே பென்சிலால் கோடு. மெட்டு நிற்கிற இடமெல்லாம் மூச்சு எடுக்கிற இடம் அல்ல. சினாட்ரா இதை டாமி டார்ஸியின் டிராம்போனிலிருந்து கற்றார். வாயோரத்தில் துளி இடைவெளி விட்டு, ஊதிக்கொண்டே மூச்சு வாங்கி, டார்ஸி நீளமான வரிகளை அறுக்காமல் வாசிப்பார். பின்னால் உட்கார்ந்திருந்த சினாட்ரா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

கார்வை கொடுக்கும்போது உயிரெழுத்தில் மட்டுமே நிற்க வேண்டும் என்பதும் இல்லை. 'ம்', 'ன்', 'ங்' ஒலிகளில் நின்றால் மைக் அந்த ரீங்காரத்தை அழகாக எடுக்கும். புனல் காலத்தில் இது முடியாது. சுருதியைப் பொறுத்தவரை, பாட்டின் அடிச் சுரம் உங்கள் பேச்சுக் குரலில் சிரமமில்லாமல் கேட்கிற இடத்தில் வையுங்கள். உச்சத்தைக் கணக்கிட்டுச் சுருதி வைத்தால் முதல் வரி மைக்குக்குள் புதைந்துவிடும்.

கேள்வி: ஆர்க்கெஸ்ட்ரா சத்தமே வேண்டாம். ஒரு குரல், ஒரு வாத்தியம். அப்படி ஏதாவது உண்டா?

பதில்: பாடகர் டோனி பென்னட்டும் பியானோக் கலைஞர் பில் எவன்ஸும் 1975-ல் வெளியிட்ட எல்.பி. மூன்றாவது ஆள் கிடையாது. சினாட்ராவில் கேட்டால், 1958-ன் 'ஒன் ஃபார் மை பேபி'. பில் மில்லரின் பியானோதான் அதில் பெரும்பகுதி. நாட் கிங் கோல் சின்னக் குழுவோடு வாசித்துப் பாடிய 'ஆஃப்டர் மிட்நைட்' எல்.பி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் நல்ல பியானோக் கலைஞர், பாடகர் என்ற பெயர் பிறகு வந்தது.

கேள்வி: க்ராஸ்பியின் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' 1942 பதிவு என்று போட்டு விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கேட்டுவிட்டு வாங்குங்கள். 1942-ல் பதிவானது உண்மை. அதிலிருந்து அச்சடித்து அச்சடித்து மூலத்தகடு தேய்ந்துபோனதால், 1947 மார்ச்சில் அதே பாடகர், அதே இசைக்குழுத் தலைவர் ஜான் ஸ்காட் ட்ராட்டர், அதே பாட்டு என்று மறுபடி பதிவு செய்தார்கள். இன்று பொதுவாகக் காதில் விழுவது இரண்டாவதுதான். 1947-ன் முன்னிசையில் புல்லாங்குழலும், செலஸ்டா என்ற மணியொலி வாத்தியமும் கிணுகிணுக்கும். 1942-ல் அவை இல்லை.